அண்ணனிடம் பேசினால் போதாதா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27, கோவையில் ஐடி வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால் காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி போகிற பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, விரல் நுனியெல்லாம் மரத்து, செத்துவிடப் போகிறோம் என்றே தோன்றிவிட, பாதியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாமே நார்மல். அதற்கப்புறம் நாலைந்து முறை அதே மாதிரி. இப்போது பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். பார்த்த டாக்டர், "இதயத்தில் ஒன்றும் இல்லை, இது பேனிக் அட்டாக், ஒரு சைக்காலஜிஸ்டைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பியின் கேள்வி இது: "பேசினா எப்படிச் சரியாகும்? எங்க அண்ணன்கிட்ட தினமும் பேசிட்டுத்தான் இருக்கேன், அவரும் நல்லா தைரியம் சொல்றார். இதுக்குப் போய் யாரோ ஒருத்தர்கிட்ட காசு கொடுத்துப் பேசணுமா?"

நியாயமான கேள்வி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் நாள் வருகிற நிறையப் பேர் மனதில் இதை வைத்துக்கொண்டுதான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், கூட வந்த அப்பா கேட்டுவிடுவார்.

உங்கள் அண்ணன் நல்ல அண்ணன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சொல்கிற தைரியம்தான் உங்கள் பயத்துக்குத் தினமும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள்.

படபடப்பு ஆரம்பிக்கிறது. அண்ணனுக்கு போன் போடுகிறீர்கள். "ஒண்ணும் ஆகாதுடா, ஈசிஜிதான் நார்மல்னு வந்துச்சே" என்கிறார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்குகிறது, அப்பாடா என்று இருக்கிறது. பேனிக் அட்டாக் என்பது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கிவிடுகிற சமாச்சாரம். அண்ணன் போனை எடுத்தாலும் இறங்கியிருக்கும், எடுக்காவிட்டாலும் இறங்கியிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழுத்த பழம், விழுந்தது. உங்கள் மூளை மட்டும் அந்தப் பெருமையைக் காக்கைக்குக் கொடுத்துவிடுகிறது: நல்லவேளை அண்ணன் எடுத்தார், இல்லாவிட்டால் இன்றைக்குப் போயிருப்போம். அப்படி ஒரு தடவை பதிந்துவிட்டால் அடுத்த தடவை காக்கையைத் தேட ஆரம்பிக்கும். போனில் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா, அண்ணன் இப்போது மீட்டிங்கில் இருப்பாரோ என்று. கடைசியில் சார்ஜ் 20-க்குக் கீழே இறங்கினாலே நெஞ்சு படபடக்கும். முதலில் பஸ்ஸுக்கு மட்டும் பயந்தவர் இப்போது பேட்டரிக்கும் பயப்படுகிறார்.

இந்தக் காக்கைகள் ஒன்றிரண்டு இல்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகித்துச் சொல்கிறேன்: பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும், அதுவும் நிறைந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு மாத்திரை, சாப்பிடுவதில்லை, ஆனால் இருக்க வேண்டும். பஸ்ஸில் போன காலத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட். இப்போது பைக்கில் போனால் வழியில் ஆஸ்பத்திரி இருக்கிற ரோடு. கையில் வாட்ச் இருந்தால் நாளைக்கு நாற்பது தடவை நாடித் துடிப்பு. ராத்திரியில் கூகுள். எங்கள் துறையில் இதற்குப் பாதுகாப்பு நடத்தைகள் என்று பெயர். பதற்றத்தோடு வருகிறவர்களிடம் நாங்கள் முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். சின்ன வயதில் என்ன நடந்தது, அம்மா பாசமாக இருந்தாரா என்பதெல்லாம் அப்புறம் தேவைப்பட்டால் வரும். சினிமாவில் காட்டுகிற மாதிரி சோபாவில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஏமாந்து போவீர்கள்.

ஆக, நல்ல தெரபிஸ்ட் உங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். சொன்னால் அவரும் இன்னொரு காக்கைதான், ஃபீஸ் வாங்குகிற காக்கை.

அப்படியானால் அங்கே என்னதான் பேசுவார்கள்? ஒரு சின்னக் கதை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்று ஒரு மனநல மருத்துவர், 2021-ல் நூறு வயதில்தான் காலமானார். ஃப்ராய்டு வழியில் பயிற்சி எடுத்தவர், நோயாளியைப் படுக்கவைத்து மனதில் தோன்றுவதையெல்லாம் பேசச் சொல்கிற வழி. அவரிடம் வந்த ஒரு பெண் தன் அந்தரங்க விஷயங்களைப் பேசும்போதெல்லாம் பதற்றப்பட்டிருக்கிறார். அந்தரங்கத்தைச் சொல்வதால் வருகிற பதற்றம் என்று நினைப்போம் இல்லையா, அந்தக் கால பாடமும் அதுதான். பெக் கேட்டுப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது: டாக்டருக்கு நம் பேச்சு போரடிக்கிறதோ? வாய் ஒன்றைப் பேச, உள்ளே இன்னொரு குரல் வேகமாக, சத்தமில்லாமல் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. பதற்றம் அந்த உள்குரலிலிருந்து வருகிறது. 1960-களில் அவர் இதைப் பிடித்துக்கொண்டு உருவாக்கிய முறைதான் இன்றைக்கு சிபிடி என்று எல்லோரும் சொல்கிற, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றுகிற சிகிச்சையின் ஒரு கால். இன்னொரு கால் நடத்தைச் சிகிச்சை. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வோல்பே போன்றவர்கள் பயப்படுகிற பொருளைப் படிப்படியாக நெருங்கவைத்துப் பயத்தைக் குறைத்தார்களே, அது. பதற்றத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கால்தான் பலமான கால் என்பது என் அபிப்பிராயம். எங்கள் ஆட்களிலேயே சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 1986-ல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் பேனிக் அட்டாக்குக்கு ஒரு விளக்கம் கொடுத்தார், இன்றும் எங்கள் அறையில் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு வரைந்து காட்டுவது அதைத்தான். உடம்பில் ஏதோ ஒரு சாதாரண மாற்றம், காபி அதிகமாகக் குடித்ததால் இருக்கலாம், ராத்திரி தூக்கம் போயிருக்கலாம், பஸ்ஸில் ஓடி ஏறியிருக்கலாம், இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அதை உள்குரல் "ஹார்ட் அட்டாக்" என்று தப்பாக வாசிக்கிறது. ஹார்ட் அட்டாக் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? பயம் வந்ததும் இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிறது குரல். வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது.

விரல் மரத்துப்போவதற்கும் காரணம் இருக்கிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் குறைகிறது. அதனால்தான் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் சுருசுருவென்று மரத்துப்போகிறது, தலை லேசாகிக் கிறுகிறுக்கிறது. மூச்சே பத்தவில்லை என்று தோன்றுகிற அந்த நேரத்தில் நீங்கள் தேவைக்கு அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மயங்கி விழுந்துவிடுவேன் என்பதும் அப்படித்தான். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும், பேனிக்கில் பெரும்பாலும் ஏறத்தான் செய்கிறது. ரத்தம், ஊசி இவற்றைப் பார்த்தால் மயங்கி விழுகிறவர்கள் தனி ரகம், அவர்களுக்கு நிஜமாகவே இறங்கும், வைத்தியமும் வேறு.

இதைப் படித்ததும் பாதி பயம் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். மறுநாள் பஸ்ஸில் ஏறினால் படித்ததெல்லாம் பறந்துவிடும். தலைக்குப் புரிவது ஒன்று, நெஞ்சுக்குப் புரிவது வேறு. அதனால்தான் வெறும் பேச்சோடு நிறுத்துவதில்லை. தெரபி அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வோம், நாங்களும் கூடவே விடுவோம். அல்லது சுழல்கிற நாற்காலியில் சுற்றவைப்போம், மாடிப்படியில் நாலு தடவை ஓடி ஏறி இறங்கச் சொல்வோம். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது, வீட்டில் தனியாக முயன்று பார்க்கவும் வேண்டாம். ஒரு நிமிடம் முடிவதற்குள் அதே மரத்துப்போதல், அதே கிறுகிறுப்பு, அதே படபடப்பு வந்துவிடும். ஃபேன் ஓடுகிற அறையில், பஸ்ஸும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல், தானே வரவழைத்துக்கொண்ட படபடப்பு. சிலர் சிரித்துவிடுவார்கள். சிலர் அழுவார்கள், ஆறு மாதமாக இதற்கா பயந்தோம் என்று.

அப்புறம் தெருவுக்கு இறங்க வேண்டும். இங்கேதான் வீட்டுப்பாடம் வருகிறது, வாரத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சைவிட மீதி நாளெல்லாம் செய்கிற இந்த வீட்டுப்பாடம்தான் சிகிச்சையில் பெரும்பகுதி. முதல் வாரம் அடுத்த ஸ்டாப் வரைக்கும் பஸ். ஏறுவதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? "மயங்கி விழுவேன், 80" என்று எழுதுவார்கள். இறங்கியதும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். "விழவில்லை. வேர்த்தது. பக்கத்தில் இருந்த பாட்டி நேரம் கேட்டாள்." அடுத்து இரண்டு ஸ்டாப். அடுத்து படிக்கட்டை விட்டுத் தள்ளி நடு சீட். அடுத்து தண்ணீர் பாட்டில் இல்லாமல். அடுத்து போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு. ஒவ்வொரு காக்கையாக விரட்டிவிட்டுப் பனம்பழம் தானாக விழுகிறதா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

படபடப்பு வராமல் போய்வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனால் இது வேலை செய்யாது. வரட்டும் என்று போக வேண்டும். வந்தால்தான் "வந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்ற பாடம் கிடைக்கும். இது மிகவும் கஷ்டமான இடம், இங்கேதான் நிறையப் பேர் தெரபியை விட்டு ஓடுவார்கள். ஓடாமல் பிடித்து நிறுத்துவதற்குத்தான் எதிரே ஒரு ஆள் தேவைப்படுகிறார். எந்தப் படியை எப்போது வைப்பது, இன்று பின்வாங்கினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது, அவசரப்படுத்தலாமா விட்டுப்பிடிக்கலாமா என்பதெல்லாம் கைப்பழக்கம். புத்தகம் படித்துத் தனியாகச் செய்து வெற்றி பெற்றவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பழைய பயம் அழிந்துபோகிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம். மிஷல் கிராஸ்க் என்கிற ஆராய்ச்சியாளர் அழுத்திச் சொல்கிற விஷயம் இது: பயத்தின் பழைய நினைவு அப்படியே இருக்கும், அதன்மேல் "ஆபத்து இல்லை" என்கிற புதிய நினைவைப் போட்டியாகக் கட்டுகிறோம். அதனால் ஒரு வருடம் நன்றாக இருந்துவிட்டு, வேலை போன சமயத்திலோ வீட்டில் ஒரு சாவுக்கு அப்புறமோ மறுபடி ஒரு தடவை வந்தால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பழைய சீட்டை எடுத்து மறுபடி இரண்டு ஸ்டாப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பதற்றம் என்றால் எல்லோருக்கும் இப்படி வெடித்துக்கொண்டு வருவதில்லை. நாள் முழுக்கக் கவலையாகக் கொதித்துக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. பல பேரை ஒன்றாகக் கலந்து ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். மகன் பைக்கில் காலேஜ் போகிறான். கிளம்பியதிலிருந்து போய்ச் சேர்கிற வரை நாலு போன். எடுக்காவிட்டால் அவன் கூட்டாளிக்கு. சாயங்காலம் மறுபடி. ராத்திரி படுத்தால் "அவனுக்கு ஏதாவது ஆனால்", "வீட்டுக்காரருக்கு வேலை போனால்", "எனக்கு கேன்சர் வந்தால்" என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும், கூட்ஸ் வண்டி மாதிரி பெட்டி முடியவே முடியாது. வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அதையே நினைக்காதே." மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன வைத்தியர் கதைதான். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதனையாகவே செய்தார். அவர் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி என்றார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நம் வைத்தியர் கதை அதைவிடப் பழசு, ஆனால் அவர் ஆய்வுக்கட்டுரை எழுதவில்லை.

அந்த அம்மாவிடம் நாங்கள் நினைக்காதே என்று சொல்வதில்லை. நினையுங்கள், ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அரை மணி நேரம், பின்கட்டில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, என்போம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி குறித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-ல் எழுதிய முறை இது, கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்தால் காலையில் மலையாக நின்றதில் பல வரிகளுக்கு இப்போது ஒரு சுரத்தும் இருக்காது. மிஞ்சியவற்றை இரண்டாகப் பிரிப்போம். இன்றைக்கே ஏதாவது செய்ய முடிகிறது, செய்ய முடியாது. மகனின் பைக்குக்கு பிரேக் சரியில்லை என்றால் மெக்கானிக்கிடம் விட வேண்டும், அது கவலை இல்லை, வேலை. ஏதாவது ஆனால் என்பதற்கு ஒரு மெக்கானிக்கும் கிடையாது. அடுத்தது போன். நாலை மூன்றாக்கி, மூன்றை ஒன்றாக்கி. இது அந்த அம்மாவுக்குப் பஸ் ஏறுவதைவிடக் கஷ்டம், ஏனென்றால் கவலைப்படாவிட்டால் நல்ல அம்மா இல்லை என்று அவர் உள்ளுக்குள் நம்புகிறார். நான் கவலைப்படுவதால்தான் அவன் பத்திரமாக இருக்கிறான் என்று. பாருங்கள், இங்கேயும் காக்கை. இதைத் தொட்டு, அன்பையும் கவலையையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் நிஜமாகவே பேச்சு வேண்டியிருக்கிறது, பொறுமையாக, பல வாரம்.

நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வரி. ஆல்பர்ட் எல்லிஸ் என்று இன்னொரு முன்னோடி, பெண்களிடம் பேசவே நடுங்குகிறவராம். பத்தொன்பது வயதில் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணிடமும் பேச்சுக் கொடுத்தே தீருவது என்று ஒரு மாதம் போயிருக்கிறார். நூறு பேரிடம் பேசினாராம், ஒரே ஒருவர் மறுபடி சந்திப்பதாகச் சொல்லி, அவரும் வரவில்லை. ஆனால் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை, பயம் போய்விட்டது என்று பிற்பாடு அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நம் ஊர் பூங்காவில் இதைச் செய்து பார்க்கச் சொல்ல மாட்டேன், அந்தப் பெண்களின் நிம்மதியும் முக்கியம். மளிகைக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது, மீட்டிங்கில் வேண்டுமென்றே ஒரு சாதாரணக் கேள்வி கேட்பது, இதெல்லாம் போதும்.

மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். பிராணாயாமம் நல்லது, தினமும் செய்யுங்கள், எனக்கு மறுப்பில்லை. படபடப்பு வந்தவுடன் "ஐயோ, உடனே மூச்சுப் பயிற்சி செய்து இதை நிறுத்தியாக வேண்டும்" என்று செய்தால் மட்டும் அதுவும் தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்துவிடும்.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வேலைக்கே போக முடியாத நிலையில் இருப்பவரிடம் சீட்டில் எழுது, பஸ் ஏறு என்றால் எப்படி? பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மனநல மருத்துவர் தருகிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பழக்கத்துக்கு அடிமையாக்குகிறவை அல்ல, தெரபியோடு சேர்ந்தும் எடுக்கலாம். நான் பயப்படுவது அல்ப்ரசோலம் மாதிரி மாத்திரைகளை மெடிக்கலில் தெரிந்த பையனிடம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைத்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அரை மணியில் சுகம் தரும், நாளாக நாளாக அது இல்லாமல் முடியாது என்று ஆக்கும், நிறைய நாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதற்றத்துக்கு நிஜமான காரணம் வீட்டிலேயே இருக்கிறவர்கள் உண்டு. குடித்துவிட்டு அடிக்கிற கணவன், வாசலில் நிற்கிற கந்துவட்டிக்காரன், தினமும் கத்துகிற மேனேஜர். அவர்களிடம் போய் "உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள்" என்று சொல்கிற தெரபிஸ்ட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே வேலை எண்ணத்தில் இல்லை. பாதுகாப்பு, பணம், சட்டம், ஆள் துணை, இவற்றை யோசித்து அடியெடுத்து வைக்க உதவுவதுதான் அங்கே சிகிச்சை.

சரி, பெரிய டிகிரி இருந்தால்தான் இதெல்லாம் முடியுமா? ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஒரு காரியம் செய்தார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு, நோயாளிகளோ ஏராளம். அவர் ஹராரே நகரத்தில் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்காரவைத்தார். அந்த ஊர் ஷோனா மொழியில் இந்த நோய்க்குப் பெயரே குஃபுங்கிசிசா, அளவுக்கு மீறி நினைத்தல். நம் வீட்டில் "சும்மா எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்கான்" என்பார்களே, அதேதான். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரை வைத்து முறையாக ஒப்பிட்டுப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பாட்டிமாரின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட ஆறு மாதம் கழித்து நன்றாகவே தேறியிருந்தார்கள். இதைச் சொன்னால் "அப்போ எங்க பாட்டியே போதுமே" என்பார்கள். அந்தப் பாட்டிமார் ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை. பிரச்சினைகளைப் பட்டியல் போடவைத்து, அதில் ஒன்றை எடுத்து, அடுத்த வாரத்துக்குள் என்ன செய்வாய் என்று கேட்டு, அடுத்த வாரம் செய்தாயா என்றும் கேட்டார்கள். உங்கள் அண்ணன் கேட்காத கேள்வி அது.

எத்தனை நாள் ஆகும்? இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலில் பேனிக்குக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம், நாள்பட்ட கவலை நோய்க்கு வாரம் ஒரு மணியாக 12 முதல் 15 சந்திப்பு என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊரிலும் உத்தேசமாக அப்படித்தான். ஆறேழு சந்திப்பு ஆகியும் வீட்டுப்பாடம் எதுவும் இல்லை, ஒவ்வொரு தடவையும் மனசு லேசாகி வருகிறீர்கள் ஆனால் பஸ் மட்டும் இன்னும் ஏறவில்லை என்றால், தயங்காமல் கேளுங்கள். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம்தான் முன்னேறுகிறவர்கள் இருக்கிறார்கள், இடையில் விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள், முறையையோ ஆளையோ மாற்றியபின் தேறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆளைத் தேடும்போது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கவுன்சலர் என்ற போர்டை ஒரு வாரப் படிப்பு படித்தவரும் மாட்டிக்கொள்கிறார். "பேனிக்குக்கு என்ன முறையில் சிகிச்சை தருவீர்கள்?" என்று போனிலேயே கேட்டுவிடலாம், நேராகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ஜாதகம் கேட்டாலோ, மூன்றே சந்திப்பில் பூரண குணம் என்றாலோ வேறு இடம் பாருங்கள். தனியாரிடம் கட்டுப்படி ஆகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், செலவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, இலவசம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருந்து படிக்கிறவர்களுக்கு 1926. சாக வேண்டும் போல எண்ணம் வந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அண்ணனிடம் பேசுவதை நிறுத்த வேண்டாம், தம்பி. கிரிக்கெட் பேசுங்கள், அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். அவரையும் ஒரு நாள் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், "ஒண்ணும் ஆகாது" என்பதற்குப் பதிலாக அவர் என்ன சொல்லலாம் என்று அங்கே சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் "சரி, இறங்கினப்புறம் கூப்பிடு" என்பதுதான் அது. முதல் சந்திப்புக்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டே போங்கள். அதை எந்த வாரம் வீட்டில் வைத்துவிட்டு வருவது என்று அங்கே பேசிக்கொள்ளலாம்.